குன்றிமணியும் ஒரு சாயக்காரரும்

தென்காசியில இருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறினா வழியில மேலகரம் வரும். குற்றாலக் குறவஞ்சி எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர்னு தமிழ்ப் பாடத்துல படிச்சிருப்பீங்க. இந்தக் கட்டுரை அவரைப் பத்தினது இல்லை. எங்க ஊர்ப் பக்கம் வேலியில படர்ந்து கிடக்கிற ஒரு கொடியில இருந்துதான் ஆரம்பிக்கணும். குன்றிமணிக் கொடி. சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு. பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த எடைக்கல். விநாயகர் சதுர்த்திக்கு களிமண் பிள்ளையாருக்குக் கண்ணு. சின்னப் பிள்ளைகள் கைநிறைய பொறுக்கி வச்சிருப்போம்; ஆச்சி மட்டும் அதை வாயில வைக்கவே கூடாதுன்னு மிரட்டிக்கிட்டே இருப்பாங்க.

ஆச்சி சொன்னது சரிதான். குன்றிமணியின் உறுதியான தோல் உடைந்தால் உள்ளே இருக்கும் அப்ரின் என்ற புரதம் ஆளைக் கொல்லும் விஷம். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினும் அதே குடும்பம்தான். (விளக்கெண்ணெய் குடிச்சவங்க பயப்பட வேண்டாம். ரிசின் எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு தங்கிவிடும்.) இந்த இரண்டு விதைகளின் விஷத்தையும் வைத்துக்கொண்டு 1891-ல் பெர்லினில் ஒரு டாக்டர் எலிகளிடம் ஒரு சோதனை செய்தார். இன்னைக்கு நம்ம பயோடெக் லேபில் ஃப்ரீசருக்குள்ள இருக்கிற விரல்நுனி அளவு குப்பி, அந்தச் சோதனையின் கொள்ளுப்பேரன்னு சொல்லலாம்.

முதலில் குப்பி. நீங்க மெக்கானிக்கல், சிவில்னு வேற துறையா இருந்தா அதைப் பார்த்திருக்க மாட்டீங்க. நூறு மைக்ரோலிட்டர் திரவம், ஆராய்ச்சிக்கு மட்டும் என்று லேபிள், விலை பல ஆயிரம் ரூபாய். உள்ளே இருப்பது டி.என்.எஃப் ரிசெப்டர் ஒன்று என்ற புரதத்தைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி. உடம்பில் காயமோ கிருமியோ வந்தால் வெள்ளையணுக்கள் டி.என்.எஃப் என்ற சைட்டோகைனை வெளியே விடும். சைட்டோகைன் என்பது செல்லுக்கு செல் அனுப்பும் தகவல்னு வச்சுக்கோங்க. தகவல் வந்தால் வாங்க ஆள் வேணுமே, அதுதான் ரிசெப்டர். செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும். தகவல் சேர்ந்ததும் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சூடாகும், வலிக்கும். தகவல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் முடக்குவாதம் மாதிரி நோய்கள். எந்த செல்லில் இந்த ரிசெப்டர் எவ்வளவு இருக்கு என்று பார்க்கத்தான் அந்த ஆன்டிபாடி. அது ரிசெப்டரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் முதுகில் ஒளிரும் சாயத்தையோ நிறம் தரும் என்சைமையோ கட்டிவிட்டால் நம்ம கண்ணுக்குத் தெரியும்.

ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் தேடிப் போய் ஒட்டும் சாயம். ஒரு மனுஷன் தன் வாழ்நாள் முழுக்க யோசித்தது இதை மட்டும்தான். ஆன்டிபாடி என்ற சொல்லின் ஜெர்மன் மூலம் அவர் 1891-ல் எழுதிய கட்டுரையில் வருகிறது. ரிசெப்டர் என்ற சொல்லை 1900-ல் உடன் வேலை செய்த மோர்கன்ராத்தோடு சேர்ந்து புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். பெயர் பால் எர்லிக்.

1854 மார்ச் 14, பிரஷ்யாவின் சைலீசியா பகுதியில் ஸ்ட்ரெலன் என்ற சிற்றூர். இப்போது அது போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். அப்பா இஸ்மார் மதுபானம் காய்ச்சி விற்றார், விடுதி நடத்தினார், லாட்டரி வசூலும் பார்த்தார். அம்மாவின் குடும்பப் பெயர் வைகெர்ட். அந்தப் பக்கத்து உறவு ஒருவர்தான் பையனின் வாழ்க்கையைத் திருப்பினார். கார்ல் வைகெர்ட், ஒன்பது வயது மூத்த மச்சான் முறை, நோய்க்குறியியல் நிபுணர். பாக்டீரியாவைச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர்.

அந்தக் காலத்தை கொஞ்சம் நினைத்துப் பாருங்க. நிலக்கரித் தாரிலிருந்து அனிலின் சாயங்கள் வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு கெமிக்கல் கம்பெனி முளைக்கிறது. நம்ம ஊர் அவுரி நீலத்தின் கதையை முடிக்கப் போவதும் அந்தக் கம்பெனிகள்தான். அவர்களுக்கு அது துணிக்குப் போடும் நிறம். எர்லிக்குக்கு வந்த கேள்வி வேறு: ஒரே திசுத் துண்டில் ஒரு சாயம் ஏன் இந்த செல்லைப் பிடிக்கிறது, பக்கத்து செல்லை விட்டுவிடுகிறது? துணி சாயத்தைப் பிடிப்பது மாதிரிதானே செல்லும் பிடிக்கிறது? அப்படின்னா அங்கே வேதியியல் நடக்கிறது. சாயத்துக்கும் செல்லுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுக்கும் பொருத்தம் இருக்கிறது.

பிரெஸ்லா, ஸ்ட்ராஸ்பர்க், ஃப்ரைபர்க், லைப்சிக் என்று ஊர் ஊராகப் போய் மருத்துவம் படித்தார். நல்ல மாணவர்னு சொல்ல முடியாது. வகுப்பில் சொல்வதைக் கேட்பதைவிட சாயம் கலக்கும் வேலைதான் அதிகம். ஸ்ட்ராஸ்பர்க்கில் அவர் உட்கார்ந்த மேசை முழுக்க நிறப் புள்ளிகள். பேராசிரியர் வால்டேயர் பார்த்துவிட்டு கண்டிக்காமல் விட்டார். பிரெஸ்லாவுக்கு வந்த ராபர்ட் கோக்கிடம், இந்தப் பையன் சாயம் போடுவதில் கெட்டிக்காரன், பரீட்சையில்தான் தேறமாட்டான் என்று அறிமுகப்படுத்தினார்களாம். நடந்ததோ இல்லையோ, அரியர் வச்சிருக்கிற நம்மில் பலருக்குப் பிடித்த கதை இது. ஆனா எர்லிக் தேறிவிட்டார். 1878-ல் டாக்டர் பட்டம், லைப்சிக்கில். ஆய்வுத் தலைப்பும் சாயம்தான்.

அந்த மாணவப் பருவத்திலேயே ஒரு புது செல்லைக் கண்டுபிடித்தார். உள்ளே துகள் துகளாக அடைத்து வைத்த, நன்றாகத் தின்று கொழுத்தது போலத் தெரிந்த செல். அதனால் கொழுப்பூட்டுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை வைத்து மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். துகள்கள் தீனி என்று அவர் நினைத்தது தப்பு. ஹிஸ்டமின் அதில்தான் இருக்கிறது. தூசி பட்டதும் மூக்கு ஒழுகி, கண் அரிப்பது அதனால்தான். ரெடிமேடாகச் செய்து வைத்த டி.என்.எஃப்-உம் அந்தத் துகள்களில் உண்டு என்று பிறகு நூறு வருஷம் கழித்துத் தெரியவந்தது. நம்ம குப்பி தேடும் ரிசெப்டருக்குப் போய்ச் சேரும் அதே சரக்கு.

அடுத்தது பெர்லின், சாரிட்டே மருத்துவமனை. தலைவர் ஃப்ரெரிக்ஸ் அவரை விருப்பம் போல ஆராய்ச்சி செய்ய விட்டார். எர்லிக் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, சூடாக்கிக் காயவைத்து, அமிலச் சாயம், காரச் சாயம், இரண்டும் கலந்த நடுநிலைச் சாயம் என்று போட்டுப் பார்த்தார். அதுவரை எல்லாம் வெள்ளையணு என்று ஒரே பெயரில் கிடந்தவை இனம் பிரிந்தன. ஈயோசின் சாயத்தைப் பிடித்தது ஈசினோஃபில். காரச் சாயத்தைப் பிடித்தது பேசோஃபில். நடுநிலை, நியூட்ரோஃபில். போன காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்க, அந்த மூன்று வரியும் இருக்கும். நம்ம ஊரில் இளைப்பு வந்தவர்களை ஈஸ்னோஃபீலியா கேஸ் என்று சொல்வதும் அவர் வச்ச பெயரின் மருவல்தான்.

1882 மார்ச் 24 அன்று மாலை பெர்லினில் கோக் காசநோய்க் கிருமியைக் காட்டினார். அரங்கில் எர்லிக்கும் இருந்தார். அன்று ராத்திரியே லேபுக்குப் போய் அந்தக் கிருமிக்கு இன்னும் நல்ல சாயமுறை தேட ஆரம்பித்துவிட்டார். சாயம் போட்ட தகடுகளை அணைந்து கிடந்த இரும்பு அடுப்பின் மேல் காயவைத்துவிட்டுப் போனார். அடுப்பில் தகடு இருப்பது தெரியாமல் காலையில் யாரோ தீ மூட்டிவிட்டார்கள். எல்லாம் போச்சு என்று எடுத்துப் பார்த்தால் கிருமிகள் முன்னைவிடத் தெளிவாக நிறம் பிடித்திருந்தன. அவற்றின் மெழுகு உறையைச் சாயம் தாண்டுவதற்கு சூடு உதவியிருக்கிறது. பிற்பாடு கொஞ்சம் மாறி, அதுவே இன்றைக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் சளியைச் சூடுகாட்டிச் சாயமிட்டுப் பார்க்கும் முறையாக வளர்ந்தது.

1883-ல் ஹெட்விக் பின்கஸ் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள், ஸ்டெஃபனி, மரியான். 1885-ல் ஃப்ரெரிக்ஸ் இறந்துபோக, புதிதாக வந்த தலைவர் கெர்ஹார்ட் அவரை நோயாளிகளைப் பார்க்கும் வழக்கமான வேலைக்கு இழுத்தார். லேபுக்கு நேரம் இல்லாத வருஷங்கள். போதாக்குறைக்கு உடம்பும் கெட்டது. 1888-ல் தன் சளியையே தன் சாயத்தில் போட்டுப் பார்த்தார். காசநோய்க் கிருமி இருந்தது.

அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு என்னமோ செய்கிறது. தான் செம்மைப்படுத்திய சோதனை, தன்னிடமே பாசிட்டிவ். வயது 34. அப்போது காசத்துக்கு மருந்து கிடையாது. மனைவியோடு எகிப்தின் வறண்ட வெயிலுக்குப் போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பெர்லினை விட்டு விலகி இருந்தார். உடம்பு தேறியது. திரும்பி வந்தபோது வேலை இல்லை. ஸ்டெக்லிட்ஸ் பகுதியில் சொந்தச் செலவில் ஒரு சின்ன லேப் வைத்தார். எலிகளும் குன்றிமணியும் ஆமணக்கும் வருவது இந்தக் காலத்தில்தான். கொஞ்ச நாளில் கோக் தன் புது நிறுவனத்தில் இடம் கொடுத்தார்.

சோதனையைக் கவனமாகப் பாருங்க, நம்ம டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ் பேப்பரில் வைக்கலாம், அவ்வளவு சுத்தம். எலிகளுக்குத் தீனியில் துளியிலும் துளியாக ரிசின் கலந்து கொடுத்தார். அளவை நாளாக நாளாகக் கூட்டினார். சில வாரங்களில் அவை சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கைத் தாங்கின. சரி, உடம்பு பொதுவாக பலமாகிவிட்டதா? அதே எலிகளுக்கு அப்ரின் கொடுத்தார். செத்தன. அப்ரினுக்குப் பழக்கிய எலிகள் ரிசினில் செத்தன. இரண்டும் ஒரே மாதிரி விஷம், ஆனால் உடம்பு இரண்டுக்கும் தனித்தனிப் பதில் தயாரிக்கிறது. அந்தப் பதிலுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அங்கேதான் ஆன்டிபாடி.

அடுத்த வருஷம் இன்னொரு படி போனார். விஷம் தாங்கும் அப்பா எலிக்குப் பிறந்த குட்டிகள் தாங்கவில்லை. தாங்கும் அம்மாவின் குட்டிகள் கொஞ்ச காலம் தாங்கின. கருவிலேயே வந்ததா, பாலில் வந்ததா? குட்டிகளை மாற்றிவிட்டார். சாதாரண அம்மாவுக்குப் பிறந்து, விஷம் தாங்கும் அம்மாவிடம் பால் குடித்த குட்டிகள் தப்பித்தன. தாய்ப்பாலில் ஆன்டிபாடி வருகிறது என்று 1892-ல் காட்டியது இது. ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் தாய்ப்பால் வாரத்துக்கு ஒட்டும் போஸ்டருக்குப் பின்னால் இந்த எலிகள் இருக்கின்றன.

இந்தச் சமயத்தில்தான் வாழ்க்கையின் பெரிய கசப்பும் வந்தது. தொண்டை அடைப்பான் என்று நம்ம பாட்டிமார் சொல்லும் டிப்தீரியா அப்போது குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. 1890 டிசம்பரில் எமில் பெரிங்கும் ஜப்பானிலிருந்து வந்த கிடாசாடோவும் விஷத்துக்குப் பழக்கிய விலங்கின் சீரம் இன்னொரு விலங்கைக் காப்பாற்றும் என்று காட்டினார்கள். கோட்பாடு சரி. ஆனா சீரம் கைக்குக் கை மாறியது. ஒரு பாட்டில் பிழைக்க வைக்கும், அடுத்த பாட்டில் ஒன்றுமே செய்யாது. எலிகளில் அளவைக் கூட்டிப் பழக்கிய எர்லிக்குக்கு இதில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது: பெரிய விலங்கு, திட்டமிட்டுக் கூட்டும் அளவு, ஒவ்வொரு சீரத்துக்கும் வலிமை அளக்கும் முறை. 1894-ல் ஹெக்ஸ்ட் கம்பெனி டிப்தீரியா சீரத்தை விற்பனைக்கு விட்டது. பணம் கொட்டியது. பெரிங் பணக்காரர் ஆனார். தனி அரசு ஆய்வகம் வாங்கித் தருவதாகப் பெரிங் சொன்னதை நம்பி எர்லிக் தன் பங்கை விட்டுக்கொடுத்தார், வாக்கு நிறைவேறவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங் ஒருவருக்கு மட்டும் போனது. இருவருக்கும் இடையே பழைய நட்பு திரும்பவே இல்லை. குரூப் ப்ராஜெக்ட்டில் வேலை செய்த ஆள் ஒருத்தர், மேடை ஏறிய ஆள் இன்னொருத்தர் என்று நடந்தால் நம்மகூட நாலு வருஷம் பேசாமல் இருக்கிறோம். அவருக்கும் ஆறவில்லை.

ஆனா கோபத்தில் அவர் வேலையை விடவில்லை என்பதைச் சொல்லணும். 1896-ல் ஸ்டெக்லிட்ஸில் சீரம் பரிசோதிக்கும் சின்ன நிறுவனம் அவர் பொறுப்பில் வந்தது. கட்டடம் ஒரு பழைய பேக்கரியும் ஒட்டியிருந்த லாயமும். என்னைக் கேட்டால் எர்லிக்கின் பெரிய சாதனை இங்கே நடந்தது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். இன்ஜினியரிங் படிக்கும் உங்களுக்கு நிச்சயம் புரியும், ஏன்னா இது காலிப்ரேஷன் பிரச்சினை.

சீரத்தின் வலிமையை அளக்க ஒரு குறிப்பிட்ட அளவு விஷத்தை எவ்வளவு சீரம் முறிக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்போ விஷம்தான் அளவுகோல். ஆனால் பாட்டிலில் வைத்த விஷம் நாளாக நாளாக வீரியம் இழந்தது. அளவுகோலே சுருங்கினால் எதை வைத்து எதை அளக்க? எர்லிக் ஒன்றைக் கவனித்தார். பழைய விஷம் முன்போல் கொல்வதில்லை, ஆனால் அதே அளவு சீரத்தை இன்னும் பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் விஷ மூலக்கூறில் இரண்டு பகுதி. ஒன்று ஒட்டும் பகுதி, இன்னொன்று கொல்லும் பகுதி. கொல்வது கெட்டுப்போனாலும் ஒட்டுவது மிச்சம். இப்படிக் கொல்லாமல் ஒட்டுவதற்கு டாக்ஸாய்ட் என்று பெயர் வைத்தார். நமக்கு குழந்தையில் போட்ட முத்தடுப்பு ஊசியில் டிப்தீரியா, டெட்டனஸ் இரண்டும் டாக்ஸாய்ட்தான். அந்தத் தடுப்பூசிகளைச் செய்தது பின்னால் வந்தவர்கள்.

அளவுகோலுக்கு அவர் கண்ட வழி: விஷத்தை விட்டுவிட்டு சீரத்தையே அளவுகோலாக்குவது. ஒரு நல்ல சீரத்தை வெற்றிடத்தில் உலர்த்தி, காற்றும் வெளிச்சமும் ஈரமும் படாமல் மூடி, குளிரில் வைத்தார். அதில் இவ்வளவு என்பது ஒரு யூனிட். புதிதாக வரும் எந்தச் சீரமும் இதோடு ஒப்பிட்டுத்தான் எத்தனை யூனிட் என்று எழுதப்படும். 1897-ல் முறையை வெளியிட்டார். பிற்பாடு சர்வதேச அலகு வந்தபோது அடித்தளமாக எடுத்துக்கொண்டது இந்த யூனிட்டைத்தான். இன்சுலின், ஹெப்பரின் பாட்டிலில் ஐ.யூ என்று பார்க்கிறீர்களே, அந்த வழிமுறை இங்கே கிளம்பியது.

அதே 1897 கட்டுரையில் அவர் பக்கச்சங்கிலிக் கோட்பாட்டையும் வைத்தார். செல்லின் மேல் பல வகைப் பக்கச்சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, உணவைப் பிடிக்க. விஷத்தின் ஒட்டும் பகுதி தற்செயலாக அதில் ஒரு வகைக்குப் பொருந்திவிடுகிறது. சங்கிலி அடைபட்டதும் செல் அதற்கு மாற்றாக அதே வகையைத் தயாரிக்கிறது. தேவைக்கு மேல் தயாரிக்கிறது. மிச்சம் அறுந்து ரத்தத்தில் மிதக்கிறது. மிதக்கும் சங்கிலி, செல்லுக்குப் போகும் முன்பே விஷத்தைப் பிடித்துவிடும். அதுதான் ஆன்டிபாடி! அவர் பார்வையில் ரிசெப்டரும் ஆன்டிபாடியும் ஒரே சாமான்; செல்லில் ஒட்டியிருந்தால் ரிசெப்டர், கழன்று ஓடினால் ஆன்டிபாடி.

1899-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பெரிய நிறுவனம் கட்டிக் கொடுத்தார்கள். 1900-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் படம் போட்டு விளக்கினார். கரண்டியும் கவட்டையும் போல வாய் திறந்த சங்கிலிகள், அவற்றில் போய்ப் பொருந்தும் விஷங்கள். கார்ட்டூன் மாதிரி இருக்கிறதே என்று கேலி பேசியவர்கள் உண்டு. போர்டே, க்ரூபர், அர்ரீனியஸ் எல்லாரும் எதிர்த்தார்கள். பிறகு லாண்ட்ஸ்டைனர், இயற்கையில் இல்லவே இல்லாத செயற்கை வேதிப்பொருளுக்குக்கூட உடம்பு ஆன்டிபாடி செய்யும் என்று காட்ட, உணவு பிடிக்கும் சங்கிலி என்ற கதை படுத்துவிட்டது. இல்லாத பொருளுக்குச் சங்கிலி முன்கூட்டியே எப்படி இருக்கும் என்பது நியாயமான கேள்விதான்.

அரை நூற்றாண்டு கழித்து கதை திரும்பியது. 1957-ல் பர்னெட், ஒவ்வொரு செல்லும் ஒரு வகை ஆன்டிபாடிக்கு என்று முன்பே தயாராக இருக்கிறது, பொருந்தும் செல் மட்டும் பெருகுகிறது என்றார். பி செல்களின் மேல் ரிசெப்டராக நிற்பது ஆன்டிபாடியேதான் என்று பின்னால் உறுதியானது. எல்லா செல்லும் செய்யும் என்று எர்லிக் நினைத்தது தப்பு. செல்லில் இருந்தால் ரிசெப்டர், வெளியே வந்தால் ஆன்டிபாடி என்றது பி செல் விஷயத்தில் அப்படியே சரி.

நம்ம குப்பிக்கு இதில் இன்னும் நெருங்கின சம்பந்தம் இருக்கு. டி.என்.எஃப் ரிசெப்டரும் செல்லிலிருந்து கழன்று விழும். ஒரு என்சைம் அதன் வெளிப்பகுதியை வெட்டிவிடும். 1980-களின் கடைசியில் மனித சிறுநீரிலிருந்து டி.என்.எஃப்-ஐப் பிடித்து முடக்கும் புரதத்தைப் பிரித்து எடுத்து, அது என்ன என்று பார்த்தால் அறுந்துபோன ரிசெப்டர். மிதக்கும் சங்கிலி செல்லுக்குப் போகும் முன் பிடித்துவிடும் என்று அவர் வரைந்த படம், ஆன்டிபாடியே இல்லாத ஒரு புரதத்தில் உண்மையாக நின்றது. இதே யோசனையில் செய்த எட்டானர்செப்ட் என்ற ஊசி 1998 முதல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்று இருக்கிறது. ஆன்டிபாடியின் வால் பகுதியில் டி.என்.எஃப் ரிசெப்டரை ஒட்டிச் செய்தது அது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: சீரத்தில் எலிசா செய்தால் நீங்க அளப்பது இந்தக் கழன்ற ரிசெப்டரை, செல்லில் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்தால் நிற்கும் ரிசெப்டரை. இரண்டு எண்ணும் எதிரெதிராகப் போனால் குழம்ப வேண்டாம்.

1908-ல் நோபல் பரிசு வந்தது, மெட்ச்னிகாஃபோடு பகிர்ந்து. அதற்குள் அவர் மனசு வேறு பக்கம் போய்விட்டது. ஆன்டிபாடி ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும், சரி, அதை உடம்பு செய்கிறது. அதே போல் கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும் மருந்தை நாம் லேபில் செய்ய முடியாதா? சாயம் சில செல்லைத் தேடிப் போகிறதே, அந்தச் சாயத்தின் முதுகில் விஷத்தைக் கட்டினால்? 1891-லேயே மெத்திலீன் ப்ளூ சாயத்தை இரண்டு மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் அவர். 1906-ல் ஃப்ரான்ஸிஸ்கா ஸ்பையர் என்ற பணக்கார விதவை கணவர் நினைவாகக் கட்டிக்கொடுத்த ஆய்வகத்தில் ஆர்செனிக் சேர்மங்களை வரிசையாகச் செய்து எண் போட்டு சோதித்தார்கள். 606-ஆவது சேர்மத்தை ஓர் உதவியாளர் உதவாது என்று ஒதுக்கியிருந்தார். 1909-ல் ஜப்பானிலிருந்து வந்த சஹாசிரோ ஹடா பொறுமையாக எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். 606 சிஃபிலிஸ் கிருமியைக் கொன்றது. 1910-ல் சால்வார்சான் என்ற பெயரில் வந்தது. அதற்கு முன் நோயாளிகளுக்குக் கொடுத்தது பாதரசம், பல்லும் ஈறும் போகும் வைத்தியம்.

மனுஷன் எப்படி இருப்பார்? ஒல்லி, குள்ளம், கையிடுக்கில் எப்போதும் சுருட்டுப் பெட்டி. ஒரு நாளைக்கு இருபத்தைந்து சுருட்டு வரை. மிச்சம் இருந்த நுரையீரலை வைத்துக்கொண்டு இது என்ன பழக்கம் என்று கேட்கத் தோன்றுகிறது. அறையில் புத்தகமும் பேப்பரும் நாற்காலி, சோபா என்று எல்லாவற்றிலும் அடுக்கி, வந்தவர் உட்கார இடம் இருக்காது. உதவியாளர்களுக்கு அன்றன்றைக்குச் செய்ய வேண்டியதை வண்ண அட்டைகளில் எழுதிக் கொடுப்பார். எழுதினபடியே செய்ய வேண்டும், விவாதம் கிடையாது. அது சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு கைட் இருந்தால் பிடிக்காது. துப்பறியும் கதைகள் என்றால் உயிர்.

606-இன் புகழ் அவரை ஓய்வெடுக்க விடவில்லை. விற்பனைக்கு விடும் முன் சுமார் 65,000 டோஸ்களை டாக்டர்களுக்கு இலவசமாக அனுப்பி, ஒவ்வொருவரிடமும் முடிவு கேட்டு வாங்கினார். மருந்தைக் கரைப்பது கஷ்டம், காற்றுப் பட்டால் கெடும். சொன்னபடி செய்யாத இடங்களில் நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள், மரணங்களும் நடந்தன. மருந்துக்கே பக்கவிளைவு இருந்ததையும் மறைக்க முடியாது. 1912-ல் கரைக்கச் சுலபமான நியோசால்வார்சான் கொண்டுவந்தார். அதற்குள் பத்திரிகைகளில் அவதூறு கிளம்பிவிட்டது. பணத்துக்காகச் செய்தார், ஆஸ்பத்திரியில் பெண்கள் மேல் கட்டாயப்படுத்திச் சோதித்தார்கள் என்றெல்லாம். அதோடு யூத வெறுப்பும் கலந்தது. 1914-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் வரை விஷயம் போனது, ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கு நடந்தது. எழுதினவருக்குச் சிறை. எர்லிக் சாட்சி சொல்லி வந்தார், வென்றார், உடம்பு விழுந்துவிட்டது. அந்த டிசம்பரில் முதல் பக்கவாதம். 1915 ஆகஸ்ட் 20, பாட் ஹோம்பர்க்கில் இறந்தார். வயது 61.

அவர் காலத்து ஆன்டிபாடி என்பது குதிரைச் சீரத்தில் ஆயிரம் வகை கலந்து கிடந்த கூட்டம். ஒரே வகையைத் தனியாக, தீராமல் தயாரிக்கும் வழியை 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டார்கள்; ஆன்டிபாடி செய்யும் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்து. நம்ம குப்பியில் மோனோக்ளோனல் என்று போட்டிருந்தால் அந்த வழியில் வந்தது. அப்படியும் அது முழு யோக்கியம் என்று நம்பிவிடாதீங்க. டி.என்.எஃப் ரிசெப்டர் ஒன்று வெஸ்டர்ன் பிளாட்டில் 55 கிலோடால்ட்டன் பக்கத்தில் கோடாக விழ வேண்டும். சில ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்து வேறு இடத்தில் கோடு போடும், லேபிளில் பெயர் மட்டும் சரியாக இருக்கும். அதனால் அந்த ஜீனே இல்லாத செல்லையும் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கேயும் கோடு வந்தால் குப்பி பொய் சொல்கிறது. ரிசின் எலிக்கு அப்ரின் கொடுத்துப் பார்த்ததும் இதே கேள்விதான்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் அவர் ஆய்வகம் இருந்த தெருவுக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் வைத்திருந்தார்கள். நாஜிகள் வந்ததும் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். ஹெட்விக் ஸ்விட்சர்லாந்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் தப்பிப் போனார். போர் முடிந்து பெயர் திரும்ப வந்தது. யூரோ வருவதற்கு முன் கடைசியாக அச்சான ஜெர்மன் 200 மார்க் நோட்டில் அவர் முகம் இருந்தது. ஸ்டெக்லிட்ஸ் பேக்கரியில் ஆரம்பித்த நிறுவனம் இப்போது பால் எர்லிக் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் லாங்கன் என்ற ஊரில் இருக்கிறது. ஜெர்மனியில் விற்பனைக்கு வரும் தடுப்பூசிகளையும், டி.என்.எஃப்-ஐ அடக்கும் ஆன்டிபாடி ஊசிகளையும் மதிப்பிடும் வேலையில் அந்த நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.